உம்கொட்டியின் வரி

லாக் வீங்கிவிட்டது என்று சொல்வதற்காக மேனேஜர் மறுபடியும் என் அறை வாசலில் வந்து நின்றபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. வீங்கிவிட்டது என்று எனக்குத் தெரியாதா? அதைத் தினமும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளே நான்தானே.

"மேடம், டிஸ்க்ல இடம் முடியப் போகுதாம். காலைலேர்ந்து எனக்கு அலர்ட் மேல அலர்ட். என்னதான் ஆச்சு அந்த லாக்குக்கு?"

"பாத்துக்கிட்டிருக்கேன் சார்."

"போன வாரமும் இதேதான் சொன்னீங்க."

"போன வாரமும் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

என்னைவிட வயதில் சிறியவர், நல்ல மனிதர். மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர் கண் என் முதுகுக்குப் பின்னாலிருந்த காலி நாற்காலிக்குப் போய்விட்டது. சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு போய்விட்டார். இப்போதெல்லாம் இந்த அறைக்கு யார் வந்தாலும் முதலில் அந்த நாற்காலியைப் பார்க்கிறார்கள், பிறகு குரலைத் தணித்துக்கொள்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவே இல்லை.

எங்களுடையது ரத்தப் பரிசோதனை நிலையம். நகரம் முழுக்கக் கிளைகள். எந்தக் கிளையில் யார் கையை நீட்டி ஊசி குத்திக்கொண்டாலும், அவர் பெயர், வயது, சர்க்கரை, கொழுப்பு எல்லாம் இங்கே தலைமை அலுவலகத்தில் இருக்கும் டேட்டாபேஸில் ஒரு வரியாக வந்து உட்காரும். அதைக் கட்டி மேய்ப்பது என் வேலை. லாக் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், மேனேஜருக்கும் சேர்த்துத்தான். டேட்டாபேஸ் எதை மாற்றினாலும் அந்த மாற்றத்தை முதலில் லாக்கில் எழுதிக்கொள்ளும். மாற்றம் முடிந்து, பேக்கப்பும் எடுத்தாகிவிட்டால், அதே இடத்தில் புதிதாக எழுதிக்கொள்ளும். அதனால் லாக் ஒரு அளவோடு நிற்கும். ஆனால் யாராவது ஒரு மாற்றத்தைத் தொடங்கிவிட்டு அப்படியே போட்டுவிட்டால் வந்தது வினை. 'சரி' என்று கமிட் செய்ய வேண்டும், இல்லை 'வேண்டாம்' என்று ரோல்பேக் செய்ய வேண்டும். இரண்டையும் சொல்லாவிட்டால் டேட்டாபேஸ் காத்திருக்கும். அந்த மாற்றத்துக்குப் பின்னால் எழுதிய எதையும் அழிக்காமல் சேர்த்துக்கொண்டே போகும். கவுண்டரில் முதலில் நிற்பவர் பையைத் துழாவிக்கொண்டே நின்றால் வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போகிறதல்லவா, அந்த மாதிரி.

எங்கள் லாக்கில் அப்படி முதலில் நிற்பது எது என்று எனக்குத் தெரியும். அதை நிறுத்தி வைத்தவளே நான்தான். என் கம்ப்யூட்டரில் ஒரு சின்ன சன்னலைக் கீழே இறக்கி வைத்திருந்தேன். அதற்குள் ஒரே ஒரு வரி, முடிக்காமல் கிடந்தது.

இந்த அறையில் நாங்கள் இரண்டு பேர் இருந்தோம். முதுகுக்கு முதுகு காட்டி இரண்டு மேசை, நடுவில் சக்கரம் வைத்த நாற்காலிகள் உருள்வதற்கு இடம். அவரை ஆபீஸில் எல்லாரும் உம்கொட்டி என்றுதான் சொல்வார்கள். யார் எவ்வளவு நீளமாகப் பேசினாலும் முடிவில் "ம்" என்பார், அதோடு சரி. முதல் வருடம் அந்த "ம்"மைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மனிதர் கேட்டாரா, தூங்கிவிட்டாரா என்றே தெரியாது.

பிறகு ஒரு நாள், அவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், ஒருவருடைய பிறந்த தேதியைத் திருத்தப் போனேன். யாருடையது என்ற நிபந்தனையைப் போட மறந்துவிட்டேன். மொத்த வாடிக்கையாளர்களும் ஒரே நாளில் பிறந்துவிட்டார்கள். எங்கள் கெட்ட நேரம், பிறந்தநாள் வாழ்த்து அனுப்பும் ஏற்பாடு ஒன்று தானாகவே ஓடிக்கொண்டிருந்தது. அன்றைய தேதியும் அதுவாகவே அமைந்துவிட்டது. தொட்டில் குழந்தைக்கும் பல் போன தாத்தாவுக்கும் சேர்ந்து வாழ்த்துப் போனது. சில பேர் நன்றி சொல்லிப் பதில் அனுப்பியதுதான் கொடுமை. உம்கொட்டி சாப்பிட்டு வந்தார், என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. உட்கார்ந்து, லாக்கை வைத்து எல்லாருடைய பிறந்த நாளையும் சாயங்காலத்துக்குள் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தார். கிளம்பும்போது, நான் அவரிடம் கேட்டதிலேயே நீளமான பேச்சைப் பேசினார்.

"இனிமே நான் பாக்காம நீங்க கமிட் பண்ணாதீங்க. நீங்க பாக்காம நானும் பண்ண மாட்டேன்."

அதுதான் இந்த அறையின் சட்டம். மாற்றத்தைத் தொடங்குவோம், ஓட்டுவோம், எத்தனை வரி மாறியது என்று பார்ப்போம். பிறகு நாற்காலியைத் திருப்பி "பாருங்க" என்போம். அவர் உருண்டு வருவார். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, திரைக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோய், ஒவ்வொரு எழுத்தாகப் பார்ப்பார். "ம்" என்பார். நான் கமிட் செய்வேன். அவர் கூப்பிட்டால் நான் உருண்டு போவேன். வருடக்கணக்கில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இது நடந்தது. எங்களைச் சேர்த்துவைத்துப் பேசிய வாய்களும் இருந்தன. பேசிவிட்டுப் போகட்டும். ஒன்றும் கிடையாது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஆகவேண்டும் என்று தோன்றவும் இல்லை. வாரத்துக்கொரு முறை அண்ணன் போனில் கூப்பிட்டு "சாப்பிட்டியா?" என்பார். மற்றபடி என்னைப் பார்த்து யாராவது ஏதாவது சொன்னார்கள் என்றால், அது உம்கொட்டி சொன்ன "ம்"தான்.

அவர் ஒரு விடுமுறை நாளில் போய்விட்டார். காலையில் நெஞ்சு வலி என்றாராம், ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் முடிந்துவிட்டதாம். நான் போயிருந்தேன். சொந்தக்காரர்கள் கூட்டத்தில் ஒரு ஓரமாக நின்றேன். யாரோ ஒரு அம்மாள் "நீங்க யாரு?" என்று கேட்டாள். "ஆபீஸ்" என்றேன். அண்ணன் போனால் தங்கை அழலாம், புருஷன் போனால் பெண்டாட்டி அழலாம். முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் போனால் அழுவதற்கு என்ன உறவுமுறை இருக்கிறது? அவர் மனைவியை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, குளியலறையிலேயே உட்கார்ந்து அழுதேன். தண்ணீர் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. கேட்பதற்கு வீட்டில் யாரும் இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

பிறகு ஊழியர் பிரிவிலிருந்து ஒரு மெயில் வந்தது. அவர் பெயருக்கு எதிரே 'பணியில்' என்று இருப்பதைப் 'பணியில் இல்லை' என்று மாற்ற வேண்டும். இது எங்கள் வேலைதான். தொடங்கினேன். ஓட்டினேன். ஒரு வரி மாறியது என்று திரை சொன்னது. நாற்காலியைத் திருப்பி "பாருங்க சார்" என்றேன்.

சத்தமாகவே சொல்லிவிட்டேன். நாற்காலி மேசைக்குள் ஒழுங்காகத் தள்ளியிருந்தது. துடைப்பதற்காகச் சுத்தம் செய்யும் அம்மாள் அப்படித் தள்ளி வைத்திருக்க வேண்டும். அவர் ஒரு நாளும் அதை அப்படித் தள்ளி வைத்ததில்லை. நான் கமிட் செய்யவில்லை. அவர் பார்க்காமல் செய்வதில்லை என்பதுதான் சட்டம். அதிலும் இந்த வரியை எப்படிச் செய்வேன்? அந்தச் சன்னலைக் கீழே இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். நாளைக்குச் செய்யலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன்.

அன்றிலிருந்து லாக் வளர ஆரம்பித்தது. எவ்வளவு நாள் தாங்கும் என்று எனக்குக் கணக்குத் தெரியும். டிஸ்க் நிறைந்தால் டேட்டாபேஸ் நின்றுவிடும், டேட்டாபேஸ் நின்றால் கிளைகளெல்லாம் நின்றுவிடும். ஒரு சொல் அடித்தால் தீர்ந்துவிடும். அந்தச் சொல்லை அடித்தால் அவரும் தீர்ந்துவிடுவார். கூடுதல் டிஸ்க் கேட்டு வாங்கிப் போட்டேன். கம்ப்யூட்டரில் 'அணைக்காதீர்கள்' என்று ஒரு தாளை ஒட்டினேன். புத்தி கெட்டுப்போய்விட்டதா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். கெட்டுத்தான் போயிருந்தது.

இன்னொரு தொந்தரவும் இருந்தது. முடிக்காத வரியை டேட்டாபேஸ் பூட்டி வைத்திருக்கும், யாரையும் படிக்க விடாது. யார் யாருக்கு எப்போது டூட்டி என்று பட்டியல் போடும் பெண் வந்து புலம்பினாள்.

"அக்கா, லிஸ்ட் எடுத்தா உம்கொட்டி சார் பேர்கிட்ட வந்து அப்படியே நின்னுடுதுக்கா. சுத்திக்கிட்டே இருக்கு. நானும் காபி குடிச்சிட்டு வந்து பாக்கறேன், அப்பவும் சுத்துது."

"எங்க பிரிவை விட்டுட்டு எடும்மா. இங்க என்ன பெரிய கூட்டமா இருக்கு? நான் ஒருத்திதான்."

"சரிக்கா" என்றாள். அவளும் நாற்காலியைப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

மேனேஜர் வந்து போன மறுநாள், எல்லாக் கிளைகளிலும் வெறும் வயிற்றோடு ஆட்கள் வரிசையில் நிற்கும் காலை நேரத்தில், டிஸ்க் நிறைந்துவிட்டது. முதலில் ஒரு போன் அடித்தது. அதை எடுப்பதற்குள் இன்னொன்று. பிறகு அறையில் இருந்த எல்லாப் போன்களும் அடித்தன. "மேடம், பில் போட முடியல", "மேடம், ஒருத்தருக்கு ரத்தம் எடுத்தாச்சு, பேர் ஏற மாட்டேங்குது", "மேடம், இங்க ஒரு பெரியவர் மயக்கமா வருதுங்கறார், ஏதாவது சாப்பிடட்டுமா?" "முதல்ல அவரைச் சாப்பிட வைங்க" என்று கத்தினேன். என்னால் ஒரு கிழவர் பட்டினியாக உட்கார்ந்திருக்கிறார் என்பது சுருக்கென்று தைத்தது. சன்னலை மேலே கொண்டுவந்தேன். ஒரே சொல். அதை அடிக்கத் தொடங்கும்போது இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று திரை சொன்னது.

மேனேஜர் பொறுமை இழந்து சர்வர் அறைக்குள் போய் மொத்தத்தையும் அணைத்துப் போட்டுவிட்டார்.

எழுந்து வந்த சர்வர் செய்யும் முதல் வேலை, முடிக்காமல் கிடந்ததை எல்லாம் 'வேண்டாம்' என்று எடுத்துக்கொண்டு பழையபடி மாற்றிவைப்பது. முன்னால் நின்ற ஆள் போய்விட்டதால் வரிசை நகர்ந்தது. நான் பேக்கப் எடுத்தேன். அத்தனை நாள் வீங்கிய லாக் காலியானது. அதைச் சுருக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தேன். போன்கள் அடங்கின. மேனேஜர் வாசலில் வந்து நின்றார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது, முகம் முழுக்கச் சிரிப்பு.

"பாத்தீங்களா மேடம்? ஒரு தடவ அணைச்சுப் போட்டா எல்லாம் சரியாயிடும்."

"ஆமா சார்" என்றேன். வேறென்ன சொல்ல?

அவர் போனதும் உம்கொட்டியின் வரியை எடுத்துப் பார்த்தேன். 'பணியில்' என்று இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவர் திரும்பி வந்துவிட்ட மாதிரியே இருந்தது. மறுபடி மாற்றத்தான் வேண்டும், எனக்குத் தெரியும். சாப்பிட்டுவிட்டு வந்து செய்யலாம் என்று எழுந்து போனேன்.

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டூட்டிப் பெண் ஓடி வந்தாள்.

"அக்கா, லிஸ்ட் ஓடுதுக்கா! எங்கயும் நிக்கல. எல்லாப் பிரிவுக்கும் ஒரேயடியா டூட்டி போட்டு அனுப்பிட்டேன்."

நான் சாப்பாட்டை அப்படியே வைத்தேன். டூட்டி போட்டால் அவரவர் போனுக்குத் தானாகவே மெசேஜ் போய்விடும். "எல்லாப் பிரிவுக்குமா?" என்று கேட்டேன். அவள் தலையாட்டும்போதே மேசைமேல் இருந்த என் போன் அடித்தது. திரையில் உம்கொட்டி சாரின் பெயர் தெரிந்தது.

எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. டூட்டிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசியில் எடுத்தேன்.

"அவர் போன்ல உங்க நம்பர்தான் முதல்ல இருந்துச்சு" என்றது ஒரு பெண் குரல். "நான் அவர் வீட்ல இருந்து பேசறேன். நாளைக்குக் காலைல அவருக்கு டூட்டின்னு ஒரு மெசேஜ் வந்திருக்கு."

"அக்கா..."

"தப்பா வந்திருக்கும்னு தெரியுது. அதுக்காகச் சண்டை போடக் கூப்பிடல. மெசேஜ் சத்தம் கேட்டுச்சு. எடுத்துப் படிச்சேன். மத்தியானம் எப்பவும் கொஞ்சம் படுப்பார். எழுப்பிச் சொல்லலாம்னு ரூம் வாசல் வரைக்கும் போயிட்டேன். அங்க நின்னுக்கிட்டுதான் பேசறேன். உள்ள போகவும் முடியல, திரும்பி வரவும் முடியல. யார்கிட்டயாவது சொல்லணும்னு தோணுச்சு."

இந்த வரியை முடிக்காமல் வைத்தால் வலி என்னோடு போகும் என்று நினைத்திருந்தேன். அது எங்கெங்கோ சுற்றிக்கொண்டு, படுக்கையறை வாசலில் நிற்கும் இவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது. என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

"என் தப்புக்கா" என்றேன். "அவர் பேரை நான் மாத்தியிருக்கணும். மாத்தாம வச்சிருந்தேன். மனசு வரல."

"அவர் சாமான் ஏதாவது அங்க இருக்கா? நான் வரட்டுமா?" என்று கேட்டார்.

சாயங்காலத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். ஒல்லியான பெண்மணி, தோளில் ஒரு துணிப்பை. உம்கொட்டியின் இழுப்பறையைத் திறந்து காட்டினேன். ஒரு பழைய கண்ணாடி, தண்ணீர் பாட்டில், பாதி தீர்ந்த தைலம். எல்லாவற்றையும் பையில் வைத்துக்கொண்டார். பிறகு மேசைக்குள் தள்ளியிருந்த நாற்காலியை இழுத்தார். கேட்காமலேயே அதில் உட்கார்ந்தார். இவ்வளவு நாளில் அதில் உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான்.

"இங்கதானா?"

"இங்கதான்."

"இப்ப அந்தப் பேரை மாத்தப் போறீங்களா?"

"ஆமா. நீங்க கொஞ்சம் பக்கத்துல வாங்க. இந்த ரூம்ல ஒருத்தர் பாக்காம இன்னொருத்தர் எதையும் முடிக்கறதில்ல. அவர் போட்ட சட்டம்."

"எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதே."

"ஒரே ஒரு விஷயம் பாத்தா போதும். எத்தனை வரி மாறணும், எத்தனை வரி மாறியிருக்குன்னு. மத்தது நான் பாத்துக்கறேன்."

அவர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். சக்கரம் பழைய இடத்தில் அதே கிரீச் சத்தம் போட்டது. நான் தொடங்கினேன், ஓட்டினேன். ஒரு வரி மாறியது. அதைத் தொட்டுக் காட்டினேன். அந்த வரியில் உம்கொட்டி சாரின் நிஜப் பெயர் முழுசாக இருந்தது. பக்கத்தில் 'பணியில் இல்லை' என்று இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்ல எது சொன்னாலும் ம்ம்பார்" என்றார். "கேக்கறாரா இல்லையான்னே தெரியாது. எத்தனை தடவ திட்டியிருக்கேன் தெரியுமா?"

"இங்க ம்ன்னா, முழுசாப் பாத்துட்டார்னு அர்த்தம்கா. ஒரு எழுத்து விடாம."

அவர் அழுதார். சத்தம் இல்லாமல், கண்ணைத் துடைக்காமல், திரையைப் பார்த்தபடியே அழுதார். நானும் அழுதேன். என்ன உறவுமுறை என்று யாரும் கேட்கவில்லை. வெளியே யாரோ வந்து கதவைத் திறந்து, எங்களைப் பார்த்துவிட்டுச் சாத்திக்கொண்டு போனார்கள். கடைசியில் அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரைக்குப் பக்கத்தில் குனிந்து மறுபடி ஒரு தரம் படித்தார்.

"ம்" என்றார்.

நான் கமிட் செய்தேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்கா."

பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல் வரை போனவர் நின்று திரும்பினார். "நாளைலேர்ந்து நீங்க செய்யறதை யார் பாப்பாங்க?"

"யாரும் இல்ல" என்றேன். இன்னொரு ஆள் போடப்போவதில்லை என்று மேனேஜர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். உம்கொட்டியின் மனைவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். போய்விட்டார். நாற்காலி என் மேசைப் பக்கமே நின்றுகொண்டிருந்தது. நான் அதைத் தள்ளி வைக்கவில்லை.

மறுநாள் காலையில் ஒரு கிளை திறக்கும் நேரத்தை மாற்றச் சொல்லி வந்திருந்தது. சின்ன வேலை. தொடங்கினேன், ஓட்டினேன். திரும்பினேன். காலி நாற்காலி. லாக் எழுதிக்கொண்டிருந்தது. பிறகு போனை எடுத்து, உம்கொட்டி சாரின் நம்பரை அழுத்தினேன்.

"சொல்லுங்க" என்றார் அவர் மனைவி, முதல் மணியிலேயே.

என்ன மாற்றம் என்று சொன்னேன். அவருக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் கேட்டுக்கொண்டார்.

"எத்தனை வரி மாறணும்?"

"ஒண்ணு."

"எத்தனை மாறியிருக்கு? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

என் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன்.

"ஒண்ணுதான்கா."

"ம்" என்றார்.